நியோர் இரயில் நிலையம்

நியோர் இரயில் நிலையம், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் குளுவாங் நகருக்கு வடமேற்கே இருந்த சிற்றூர் நிலையம். கெமாஸ்–ஜொகூர் பாரு தடத்தில் பாலோவுக்கும் குளுவாங்குக்கும் நடுவே அமைந்தது. இப்போது அங்கே பயணிகள் இரயில் நிற்பதில்லை.

ஜொகூர் மாநில இருப்புப்பாதைக்கான உடன்படிக்கை 1904இல் ஏற்பட்டது. ஏறத்தாழ 120 மைல் நீளமுள்ள, மீட்டர் அகலமுடைய அந்த ஒற்றைத் தடப் பாதை 1909இல் திறக்கப்பட்டது. காட்டை வெட்டி ரப்பர் நட்ட தோட்டங்களுக்கு வெளியுலக வாசல் அதுதான். மலாயா இரயில்வேயில் தண்டவாளம் போட்டுப் பராமரித்த கூட்டத்தில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் மிகுதி. நிலைய அதிபர், எழுத்தர் வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர் பலர். ஒரே மொழி பேசினாலும் குடியிருப்புகள் வேறு வேறு.

போர் வரலாற்று நூல்களில் நியோர் இடம்பெறுவது, ஜப்பானியர் மலாயாவைத் தாக்கிய போரின்போது 1942 ஜனவரியில் அங்கே நடந்த மோதலால். இரயில் பாதையை ஒட்டி இறங்கிவந்த ஜப்பானியரைத் தடுக்க, 22ஆம் இந்தியப் படையணியைச் சேர்ந்த, 11ஆம் சீக்கியப் படைப்பிரிவின் 5ஆம் பட்டாலியன் நியோருக்கு அனுப்பப்பட்டது. திரும்பிவர ஆணை வந்தபோது எதிரி வழியை மறித்திருந்தான். துப்பாக்கி ஈட்டியுடன் பாய்ந்து வழி திறந்துகொண்டே அவர்கள் குளுவாங் திரும்பினர். தோல்விகளே நிறைந்த அந்தப் போரில் இது அரிய வெற்றி. பலன் சில நாள்கூட நிலைக்கவில்லை. ஜனவரி 28 அன்று லாயாங் லாயாங் அருகே, பாலம் முன்கூட்டியே தகர்க்கப்பட்டதால் துண்டுபட்டுப்போன அதே படையணியைத் தேடிப் பாதைவழியே சென்ற தளபதி பார்ஸ்டோ சுட்டுக் கொல்லப்பட்டார். சிங்கப்பூர் பிப்ரவரி 15இல் வீழ்ந்தது.

தோட்ட மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்ததும், பேருந்தும் மோட்டார் சைக்கிளும் பெருகியதும் இத்தகைய நிலையங்கள் நலிந்ததற்குக் காரணமாகச் சொல்லப்படுவது வழக்கம். உண்மைதான், ஆனால் பாதிதான். ஒற்றைத் தடத்தில் எதிரெதிராக வரும் இரு வண்டிகளுள் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். அதற்காகவே சில மைலுக்கு ஒரு நிலையம் தேவைப்பட்டது. ஏற ஆளில்லாவிட்டாலும் வண்டிகள் விலக இடம் வேண்டும். இரட்டைத் தடம் அந்தத் தேவையையே ஒழித்துவிட்டது.

கெமாஸ்–ஜொகூர் பாரு இரட்டைத் தட மின்மயமாக்கத் திட்டம் 192 கிலோமீட்டர் நீளமுடையது. சிகாமட், கெனுவாங், லாபிஸ், பெக்கோக், பாலோ, குளுவாங், மெங்கிபோல், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய், கெம்பாஸ் பாரு ஆகியவை அதன் நிலையங்கள். நியோர் அதில் இல்லை. தெனாங், சாமேக் ஆகியவையும் இல்லை.