2 அடி தொட்டிக்கு எத்தனை மீன்? கொல்லிமலை குளிருக்கு எது செட் ஆகும்?

நாமக்கல், சேலம் பக்கம் போனால் கலர் மீன் கடையைப் பார்த்ததும் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். வகைக்கு ரெண்டு என்று பத்து, பதினைந்து மீன் கவரில் ஏறிவிடும். 70 கொண்டை ஊசி வளைவு தாண்டி கொல்லிமலைக்கு வந்து தொட்டியில் விட்டால், ஒரே வாரத்தில் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கும். "தண்ணி சேரல" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் பெரும்பாலும் காரணம் வேற: மீன் அதிகம், கூட்டு தப்பு, குளிர்.

தொட்டி எவ்வளவு தாங்கும்?

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் முழுக்க ஊற்றினால் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். கல், மணல், மேலே விடும் இடைவெளி போக மிஞ்சுவது 45 லிட்டர்தான். சின்ன மீன்களுக்கு ஒரு அங்குல நீளத்துக்கு சுமார் 4 லிட்டர் என்பது தோராயக் கணக்கு. அதாவது எல்லா மீனும் சேர்த்து 11, 12 அங்குலம். கடையில் பார்க்கும் நீளத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது, வளர்ந்த பிறகு வரும் நீளம்தான் கணக்கு.

எதை எதோடு சேர்க்கக் கூடாது?

* ஏஞ்சல்: வளர்ந்ததும் நியான் டெட்ரா போன்ற பொடி மீனை விழுங்கிவிடும்.
* டைகர் பார்ப்: கப்பி, ஃபைட்டர் மாதிரி நீள வால் மீன்களைக் கடித்துக் குதறும்.
* கோல்டு ஃபிஷ்: பெரிதாக வளரும், கழிவும் அதிகம். 2 அடி தொட்டி பத்தாது.
* சக்கர் ஃபிஷ்: 'தொட்டி கிளீன் பண்ணும்' என்று விற்பார்கள். ஒரு அடிக்கு மேல் வளரும்.
* கப்பி ஆண், பெண் சேர்த்து வைத்தால் மாதம் ஒருமுறை குட்டி போடும். தொட்டி தானாகவே நிரம்பிவிடும். ஆண் மட்டும் வாங்குவது நல்லது.

மலைக்கு எது?

கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கொல்லிமலை. மார்கழி, தை ராத்திரியில் தொட்டித் தண்ணீரும் சில்லென்று ஆகிவிடும். ஃபைட்டர், ஏஞ்சல் இதைத் தாங்காது.

ஹீட்டர் இல்லை என்றால் 18 டிகிரி வரை தாங்கும் ஜீப்ரா டேனியோ 7 அல்லது 8 போதும். இது நம்ம நாட்டு மீன்தான். சீனாவின் மலை ஓடைகளிலிருந்து வந்த ஒயிட் க்ளவுட் கிடைத்தால் அதுவும் சரி.

50 வாட் ஹீட்டர் போட்டு 25 டிகிரி வைக்க முடிந்தால் நியான் டெட்ரா 6, ஆண் கப்பி 2 அல்லது 3. டெட்ரா, டேனியோ எல்லாம் கூட்டமாக வாழ்பவை. ஆறுக்குக் குறைந்தால் மிரண்டு ஒளிந்துகொள்ளும்.

ஒரே நாளில் விடலாமா?

கூடாது. மீன் கழிவில் அம்மோனியா உருவாகும். அதை மாற்றும் நல்ல பாக்டீரியா ஃபில்டரில் வளர 4 முதல் 6 வாரம் ஆகும், குளிரில் இன்னும் தாமதம். அதுவரை தொட்டியை மீன் இல்லாமல் ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு வரலாம். பிறகு மூணு, நாலு மீனாக விட வேண்டும். கவரை 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்த பிறகே திறந்துவிட வேண்டும். வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். கரண்ட் போனால் ஃபில்டர் நின்றுவிடும் என்பதால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

மிஞ்சிய மீனை ஓடையில் விடலாமா?

வேண்டவே வேண்டாம். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் ஓடும் ஐயாற்றில் இருக்கும் மீன்களைச் சாமியாக நினைத்து, பொரி போட்டுவிட்டுத்தான் பக்தர்கள் கும்பிடப் போகிறார்கள். அதே ஆறுதான் ஆகாய கங்கையாக விழுந்து, கீழே புளியஞ்சோலைக்குப் போகிறது. தொட்டி மீனை அதில் விட்டால் நோயும் கூடவே போகும். பிழைத்துப் பெருகினால், அங்கேயே பிறந்த மீனுக்கு இரையும் இடமும் போட்டியாகிவிடும். தமிழ்நாட்டு ஏரிகளில் சக்கர் ஃபிஷ் பெருகிக் கிடப்பதும் இப்படி யாரோ கொண்டுபோய் விட்டதால்தான்.

மீன் மிஞ்சினால் கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம், தொட்டி வைத்திருக்கும் தெரிந்தவர்களிடம் கொடுக்கலாம். அதைவிட, வாங்கும்போதே எண்ணி வாங்கினால் இந்தச் சிக்கலே இல்லை.