முத்து என்ற மூன்றெழுத்து

"ஏதாவது ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதிக் கொடுங்க சார்" என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, நான் பல்லவர் காலத்தையோ சோழர் காலத்தையோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நம் கல்லூரி வரலாற்றுத் துறையில் படித்தவன். 32 ஆண்டுகள் பள்ளி ஆசிரியனாக இருந்து 2010-இல் ஓய்வு பெற்றவன். எதிர்பார்ப்பு நியாயமானதுதான். ஆனால் என் மனதில் இன்றுவரை உறுத்திக்கொண்டிருப்பது ஒரு மூன்றெழுத்துப் பெயர். அதைத் தவறாக எழுதியவன் நானே. தவறு என்பதே எனக்குப் பத்தாண்டு கழித்துத்தான் தெரிந்தது. ஆகவே அந்தத் தவறின் வரலாற்றையே எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் பொம்மையார்பாளையம். புதுச்சேரியிலிருந்து கடற்கரைச் சாலையில் கோட்டக்குப்பம் தாண்டி வடக்கே வந்தால், கிழக்கே கடலும் மேற்கே செம்மண் மேடுமாக இருக்கும் ஊர். பிள்ளைகளின் பெயர் கிடக்கட்டும், எங்கள் ஊர்ப் பெயரையே ஒரே மாதிரி எழுதி நான் பார்த்ததில்லை. ஒரு பலகையில் பொம்மையார்பாளையம், இன்னொன்றில் பொம்மையபாளையம். மயிலம் ஆதீனத்தின் பெயரில் அது பொம்மபுரம். மாவட்டத் தலைநகர் மட்டும் என்ன? தமிழில் விழுப்புரம், ஆங்கிலத்தில் பலர் எழுதுவதைப் படித்தால் 'வில்லுபுரம்'.

எங்கள் ஊர் தமிழ்நாடு. தெற்கே புதுச்சேரி நகரம். வடக்கே காலாப்பட்டு, அதுவும் புதுச்சேரி மாநிலம். அதையும் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. அப்படியே போனால் மரக்காணம் உப்பளம். ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் மூன்று முறை எல்லை தாண்டுகிறோம். இன்று அது கண்டக்டருக்குக்கூட ஒரு பொருட்டில்லை. 1947 வரை அது வெள்ளைக்காரன் எல்லைக்கும் பிரெஞ்சுக்காரன் எல்லைக்கும் நடுவே இருந்த கோடு. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு எழுத்தர், அந்தப் பக்கம் ஒரு எழுத்தர். எழுதியது ஒரே தமிழ்ப் பெயர்தான். எழுதிய முறைதான் வேறு.

விஷயம் இதுதான். ஆங்கிலத்தில் 'யு' என்ற ஒரே எழுத்தைப் போட்டு 'உ' ஓசையைக் காட்டிவிடலாம். பிரெஞ்சில் அந்த எழுத்துக்கு வேறு ஓசை. 'உ' வேண்டுமென்றால் 'ஓ-யு' என்று இரண்டு எழுத்துப் போட வேண்டும். 'அன்' என்று முடியும் பெயரை அப்படியே விட்டால் பிரெஞ்சுக்காரர் மூக்கால் உச்சரித்துவிடுவார். அதனால் கடைசியில் ஒரு 'இ' எழுத்தைச் சேர்ப்பார்கள். ஆக, முருகன் அந்தப் பக்கத்தில் 'எம்-ஓ-யு-ஆர்-ஓ-யு-ஜி-ஏ-என்-இ' ஆகிவிடுகிறார். பிரெஞ்சு தெரிந்தவருக்கு அது சுத்தமான முருகன். இங்கிலீஷ் படித்த நம்மவருக்கு 'மௌரௌகேன்'!

இது நேற்று வந்த வழக்கமும் அல்ல. துய்ப்ளேயிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை (1736 முதல் 1761 வரை எழுதப்பட்டது) நாமெல்லோரும் பாடத்தில் படித்தோம். அந்த நாட்குறிப்பின் பகுதிகளை 1894-இல் பிரெஞ்சில் வெளியிட்ட ழுலியேன் வேன்சோன், அவர் பெயரை எழுதியிருப்பதைப் படித்தால் 'ஆனந்தரங்கப்புல்லே' என்று வரும். சிரிக்க வேண்டாம். வீட்டில் நாம் 'பிள்ளை' என்றா சொல்கிறோம்? 'புள்ள' என்றுதானே சொல்கிறோம்! காதில் விழுந்ததுதான் எழுத்திலும் வந்திருக்கிறது.

தன் பெயரைத் தானே மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணைப்படி, பிரெஞ்சு இந்தியாவில் யார் வேண்டுமானாலும் தங்கள் சாதி, சமய வழக்குகளைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கலாம். அப்படி ஏற்பவர் ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த இயக்கத்துக்குத் தலைமை தாங்கிய பொன்னுத்தம்பிப் பிள்ளை தேர்ந்துகொண்ட பெயர் 'லா போர்த்'. கதவு என்று பொருள். அது அவரே விரும்பித் திறந்த கதவு. நான் சொல்லவந்தது, ஒரு பையனுக்கு நான் தெரியாமல் சாத்திவிட்ட கதவைப் பற்றி.

1954 நவம்பர் முதல் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் இணைந்தது. அப்போது அங்கே பிறந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்வதானால் ஆறு மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும் என்று ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த பலர் எழுதித் தந்தார்கள். 'சொல்தா' என்று நாம் அழைக்கும் குடும்பங்கள் அவர்களுடையவை. எல்லையோர ஊர்களில் குடியேறிய சொல்தா வீடுகளும் உண்டு.

அப்படி ஒரு வீட்டுப் பையன் என் வகுப்பில் படித்தான். உண்மைப் பெயரைச் சொல்லாமல் முத்து என்றே வைத்துக்கொள்கிறேன். 1984-இல் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியலை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். நாம் எல்லோரும் எழுதுகிற மாதிரி 'எம்-யு-டி-எச்-யு' என்று எழுதினேன். பையன் மேசை ஓரம் வந்து நின்றான்.

"சார், எங்க வீட்டுக் காயிதத்துல வேற மாதிரி இருக்கு சார். எழுத்து ஜாஸ்தியா இருக்கும்."

"முத்துன்னா முத்துதான்டா. இதுல என்ன வேற மாதிரி? போய் உட்காரு."

போய் உட்கார்ந்துவிட்டான். அந்தக் காகிதத்தில் இருந்தது 'எம்-ஓ-யு-டி-டி-ஓ-யு'. புதுச்சேரிப் பக்கம் படித்த அவன் அண்ணனுக்குப் பள்ளிச் சான்றிதழிலும் பிரெஞ்சு முறையிலேயே பெயர் விழுந்திருந்தது. அவன் தடையில்லாமல் பாரிஸ் போய்ச் சேர்ந்தான். தம்பிக்கு மட்டும் பிறப்புச் சான்றில் ஒரு முத்து, பள்ளிச் சான்றில் இன்னொரு முத்து.

1994-இல் என்னைத் தேடி வந்தான். "இந்த முத்துவும் அந்த முத்துவும் ஒரே ஆளுன்னு நிரூபிக்கச் சொல்றாங்க சார்" என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். அதுதான் என்னைச் சுட்டது. நானும் கூடவே அலைந்தேன். பிரமாணப் பத்திரம், இருவரும் ஒருவரே என்ற சான்று, மொழிபெயர்ப்பு என்று இரண்டு வருஷம் ஓடிற்று. கடைசியில் காகிதம் கைக்கு வந்தது. அதற்கு நான்கு மாதம் முன்னால் அவன் தகப்பனார் காலமாகிவிட்டார். "அப்பா இருக்கறப்பவே கிடைச்சிருக்கலாம் சார்" என்று மட்டும் சொன்னான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பிரெஞ்சு எழுத்து இருந்ததால்தானே இந்தக் குழப்பம் என்று நினைக்க வேண்டாம். தமிழுக்குள்ளேயே நடக்கிறது. உப்பளப் பக்கத்துப் பள்ளிகளில் நான் கண்டது: பாத்தி வேலை நடக்கும் மாதங்களில் அப்பாவும் அம்மாவும் விடியுமுன்னே போய்விடுவார்கள். பிள்ளையைச் சேர்க்க ஆயாவோ அக்காவோ வரும். "பேரு என்ன?" "கயல்விளி சார்." சொன்னபடியே எழுதிவிடுவார்கள். கயல் போன்ற விழி, அதாவது கண், ஒரே நொடியில் கூப்பிடுகிற 'விளி' ஆகிவிடும். ஆங்கிலத்திலோ கேட்கவே வேண்டாம். கீதா, கவிதா என்ற எளிய பெயர்களுக்கு நாம் 'டி-எச்' போடுகிறோம், வடக்கே 'டி' மட்டும் போடுகிறார்கள். ஊர்ப் பெயர்களுக்காவது ஒரு முறை வகுக்கலாம் என்று 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் திருத்தி வெளியிட்டது. எதிர்ப்பு கிளம்பி, அடுத்த சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. ஊர்களுக்கே இந்தப் பாடு என்றால் குழந்தைகளுக்குக் கேட்பானேன்?

நம் பக்கத்துப் பதிவேடுகளுக்கும் வரலாறு உண்டு. சென்னை மாகாணத்தில் 1899-இலேயே பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது. கிராமங்களில் பரம்பரை முன்சீப், கர்ணம் பதவிகள் 1980-இல் ஒழிந்து, பிறகு கிராம நிர்வாக அலுவலர் வந்தார். இன்று நடப்பில் உள்ளது 1969-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். பெயரில்லாமல் பதிவான குழந்தைக்குப் 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமலும், பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரையும் பெயர் சேர்க்கலாம். அந்தச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. பிழை இருந்தால் முதலில் எழுதியதை அடிக்கக்கூடாது, மாற்றக்கூடாது. ஓரத்தில் திருத்தம் எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். திருத்தலாம், ஆனால் பிழை அழியாது, பக்கத்திலேயே இருக்கும். இந்தக் கட்டுரையும் அப்படி ஓர் ஓரத் திருத்தம்தான்.

இப்போது இன்னும் கவனம் வேண்டும். 2023 அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் அதையே கேட்பார்கள். அதில் ஓர் எழுத்து பிசகினால் ஆயுள் முழுக்கப் பிசகு.

அன்பு மாணவச் செல்வங்களே, உங்களில் பலர் நாளை ஆசிரியராக, கிராம நிர்வாக அலுவலராக, மருத்துவமனைப் பணியாளராக உட்காரப் போகிறீர்கள். தமிழில் 'கேள்' என்ற ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள்: காதால் கேட்பது, வாயால் கேட்பது. நான் முதலாவதைச் செய்தேன், இரண்டாவதைச் செய்யவில்லை. "உங்க வீட்டுக் காயிதத்துல எப்படிப்பா இருக்கு? நாளைக்கு எடுத்துட்டு வா" என்று ஒரு வாக்கியம் கேட்டிருந்தால் போதும். பெயர் எவ்வளவு சின்னதோ அவ்வளவு அலட்சியமாக எழுதுகிறோம். கஷ்டமான பெயரை நாமே இரண்டு தடவை கேட்கிறோம். முத்து, மீனா என்றால் தலைநிமிராமல் எழுதிவிடுகிறோம். எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டுங்கள். பையன் மேசை ஓரம் வந்து நின்றால், தயவுசெய்து "போய் உட்காரு" என்று சொல்லாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இந்த மலரின் இறுதிப் பக்கங்களில் நம் எல்லோருடைய பெயரும் முகவரியும் அச்சாகும். அவரவர் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிழை இருந்தால் கூச்சப்படாமல் செயலாளரிடம் சொல்லுங்கள். அவர் கேட்பார்.