கரகரத்த பெட்டி



1983 கல்லூரி விழா நினைவிருக்கிறதா? நம்ம இன்னிசைக் குழுவில் கிடார் கரகரவென்று இரைய, கூட்டமே ஊளையிட்ட அந்த மாலை! இரைந்த பெட்டியைச் செய்தவன் அடியேன்தான். பாடியில், திருவலிதாயம் கோயில் மேளச் சத்தம் கேட்கும் எங்கள் வீட்டு மாடியில், ரிச்சி தெருவில் வாங்கிய டிரான்சிஸ்டர்களை வைத்து இரண்டு வாரம் சால்டர் அடித்துச் செய்தது.

விஷயம் எளிது. சிக்னலை அளவுக்கு மீறிப் பெருக்கினால் அலையின் தலை வெட்டுப்படும். மூலத்தில் இல்லாத மேல்சுரங்கள் பிறக்கும். அதுதான் டிஸ்டார்ஷன். அடுத்து வரும் ஃபில்டர், அவற்றில் வேண்டாததைக் கழிக்கும். லேபில் நாம் படித்ததெல்லாம் இந்தக் கோளாறைத் தவிர்க்கத்தானே! "கோளாறை வெச்சுப் பாட்டு வாசிக்கிறானாம்" என்று ஆளாளுக்குச் சிரித்தார்கள். பெட்டி என்னுடையது என்றுகூட நான் வாய் திறக்கவில்லை. கிடார் வாசித்தவன் அப்புறம் மேடை ஏறவேயில்லை.

அப்போது நமக்குத் தெரியாத சங்கதி ஒன்று. அதற்கு முந்தைய ஆண்டு, 1982-இல், பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், ரோலண்ட் கம்பெனியின் டி.பி. 303, டி.ஆர். 808, ஜூபிட்டர் 8 ஆகிய கருவிகளைக் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்திருந்தார். பூபாளி (நம்ம மோகனம்), மால்கௌன்ஸ் (நம்ம இந்தோளம்) எல்லாம் அதில் உண்டு. 303 என்பது கிடார்காரருக்குத் துணையாக பாஸ் வாசிக்க ஜப்பானில் செய்த பெட்டி. விலைபோகாமல் 1984-இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதன் அனலாக் ஃபில்டர் குமிழைத் திருகத் திருக, ஒலி குழைந்து முனகும். சுரம் விட்டுச் சுரம் வழுக்கும். நம்ம ஜாரு மாதிரியே!

சிங்கின் இசைத்தட்டும் விற்கவில்லை. 1987-இல் சிகாகோவின் ஃபியூச்சர் குழு 'ஆசிட் டிராக்ஸ்' மூலம் அதே 303-ஐ உலகறியச் செய்தது. பிறகு பலர் அதை டிஸ்டார்ஷன் பெட்டிக்குள் செலுத்தி முரட்டுக் குரலாக்கினர். 2010-இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் சிங்கைத் திரும்பிப் பார்த்தது. 28 ஆண்டுகள்! 2015-இல் மறைவதற்குள் அந்தப் பாராட்டைக் காதால் கேட்டுவிட்டார் மனிதர்.

நம்ம கிடார்காரனுக்கு அந்தப் பாக்கி நிற்கிறது. பரணிலிருந்து பெட்டியை இறக்கி, புது பேட்டரி போட்டேன், இன்னும் கரகரக்கிறது. சந்திப்பு நாளில் கொண்டு வருகிறேன். டேய், கிடாரோட வா. இந்தத் தடவை மேடையில் உன் பக்கத்தில் நான் நிற்கிறேன்.