அந்தியோக்கியாவின் நோன்பு

கிறித்தவ நோன்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எதை உண்ணலாம், எதை விலக்கலாம் என்பதிலேயே நின்றுவிடுகின்றனர். நோன்பின் உயிர் அதுதானா என்னும் கேள்வி நான்காம் நூற்றாண்டில் ஒரு நகரையே உலுக்கிய நெருக்கடியின் நடுவே எழுந்தது. அவ்வரலாற்றை மாணவர்கள் அறிந்துகொள்வது நன்று.

சிரியாவில் ஒரோந்தீசு ஆற்றங்கரையில் அமைந்த அந்தியோக்கியா, உரோமப் பேரரசின் தலைசிறந்த நகரங்களுள் ஒன்று. 387-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பேரரசன் தியோடோசியஸ் அங்குப் புதிய வரி விதித்தான். வெகுண்டெழுந்த கூட்டம் அரசனுடைய சிலைகளையும், காலஞ்சென்ற அரசி பிளாக்கில்லாவின் சிலையையும் வீழ்த்தித் தெருவில் இழுத்துச் சென்றது. மன்னன் சிலையைத் தொடுவது மன்னனையே தொடுவதாகக் கருதப்பட்ட காலம் அது. சினம் தணிந்ததும் அச்சம் பிடித்துக்கொண்டது. பலர் கொலைத் தண்டனை பெற்றனர். பலர் ஊரைவிட்டே ஓடினர். முதியவரான ஆயர் பிளேவியன், மரணப் படுக்கையிலிருந்த உடன்பிறந்தாளையும் விட்டு, மன்னிப்பு வேண்டித் தொலைவிலுள்ள கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் புறப்பட்டார்.

நகரைத் தேற்றும் பொறுப்பு யோவான் என்னும் குருவின்மேல் விழுந்தது. பின்னாளில் 'பொன்வாயர்' என்று பொருள்படும் கிறிசோஸ்தோம் என்னும் பெயரால் புகழ்பெற்றவர் இவரே. குருப்பட்டம் பெற்று ஓராண்டே ஆகியிருந்தது. ஏழு நாள் மௌனமாயிருந்து, பின்னர்ப் பேசத் தொடங்கினார். கத்தோலிக்கர் தவக்காலம் என்றும், சீர்திருத்தச் சபையார் லெந்து என்றும் வழங்கும் நாற்பது நாள் நோன்பும் வந்துவிட்டது.

அக்கால நோன்பு எளிதன்று. பகலெல்லாம் பசித்திருந்து மாலையில் ஒருவேளை உண்பர், புலாலை விலக்குவர். ஆயினும் யோவான் அதனைக் கண்டு மயங்கவில்லை. பறவையையும் மீனையும் தீண்டாத வாய், உடன்பிறந்தானைப் புறங்கூறிக் கடித்துத் தின்பதால் என்ன பயன் என்று வினவினார். ஒருவரையும் பகைத்தல் ஆகாது, ஒருவரையும் பழித்தல் ஆகாது, ஆணையிடுதல் ஆகாது: இம்மூன்றையே அவ்வாண்டின் நோன்பாக வகுத்தார். மூன்றாவதை அவர் விடவேயில்லை. சொற்பொழிவு எங்கே தொடங்கினாலும் ஆணையிடும் வழக்கத்தைச் சாடியே பெரும்பாலும் முடியும். கேட்டவர்கள் சலித்திருப்பார்கள், நல்லாசிரியருக்கு அந்தப் பிடிவாதம் வேண்டும்.

நோன்பிற் பாதி கழிந்ததென்று சிலர் மகிழ்ந்தனர். பாவங்களிற் பாதி கழிந்ததா என்று கேட்டார் அவர். வேறு சிலர், உண்டுவிட்டோமே என்னும் கூச்சத்தால் கோயிலுக்கு வராமலே இருந்தனர். உடல் நலிந்தவன் உண்ணலாம். உண்டபின்னும் வந்து கேட்கலாம். கேளாமல் இருப்பதே பெருங்குறை என்றார் யோவான். நோன்பு விதியைக் கடுமையாக்குவது எவருக்கும் எளிது. அஞ்சி நடுங்கும் கூட்டத்தின் முன்னே நின்று அதனைத் தளர்த்தியது அவருடைய துணிவுக்குச் சான்று என்பேன்.

அரசனின் விசாரணை அதிகாரிகள் வந்தனர். நீராடு மண்டபங்களும் நாடக அரங்கும் குதிரைப் பந்தயக் களமும் மூடப்பட்டன. மலைக்குகைகளில் தவமிருந்த துறவியர் இறங்கி வந்து, சிறைப்பட்டோருக்காக அவ்வதிகாரிகளிடம் மன்றாடினர். இறுதியில் மன்னன் மன்னித்தான். அச்செய்தியுடன் பிளேவியன் உயிர்த்தெழுதல் திருநாளுக்குள் திரும்பி வந்தார். அவர் உடன்பிறந்தாளும் உயிரோடிருந்தாள். மக்கள் சந்தையில் மாலைகள் தொங்கவிட்டு, விளக்கேற்றி, கடைகளின் முன்னே பசுந்தழை பரப்பிக் களித்தனர்.