வெற்று உறைகளால் நிரம்பிய பெட்டி



முன்னாளில் தோட்டத்து லயங்களுக்குக் கடிதம் நேரே வருவதில்லை. முதலில் தோட்ட ஆபீசுக்கு வரும். கிராணியார் பெயரைப் பார்த்துப் பிரித்துக் கொடுப்பார். இணைய உலகிலும் இப்படி இடையில் நின்று வாங்கிக் கொடுக்கும் ஒரு கிராணி உண்டு. அதற்குப் 'பிராக்சி' என்று பெயர். அது மனிதரல்ல, கணினியில் ஓடும் ஒரு நிரல். அதன் வரலாற்றில் ஒரு பகுதியை இன்று காண்போம்.

1989-இல் ஜெனிவா நகரை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ வைய விரிவு வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1994-இல் அரி லுவோட்டனன், கெவின் ஆல்டிஸ் ஆகிய இருவரும் பிராக்சியைப் பற்றிக் கட்டுரை எழுதினர். 2004-இல் ருஷ்ய நாட்டவரான இகோர் சிசோயெவ், 'என்ஜின்எக்ஸ்' என்னும் நிரலை வெளியிட்டார். பெரிய வலைத்தளங்கள் பலவற்றின் வாசலில் அது கிராணியாக அமர்ந்தது.

2015-இல் எச்.டி.டி.பி. 2 என்னும் புதிய விதிமுறை வந்தது. ஒரே இணைப்பில் பல கோரிக்கைகளை ஒருசேர அனுப்ப அது வழி செய்தது. வேகம் கூடியது, ஆபத்தும் கூடவே வந்தது.

2019 ஆகஸ்ட் 13-ஆம் நாள், இவ்விதிமுறையைக் கையாளும் பல நிரல்களில் எட்டுக் குறைகள் இருப்பது அறிவிக்கப்பட்டது. அவற்றுள் ஏழினைக் கண்டவர் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் ஜோனதன் லூனி.

அக்குறைகளில் ஒன்றை மட்டும் பார்ப்போம். ஒருவன் பெயரும் எழுதாமல், உள்ளே தாளும் வைக்காமல், வெற்று உறைகளாகவே அனுப்பிக்கொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கிராணியார் அவற்றைத் தூக்கி எறியாமல், ஒவ்வொன்றையும் பெட்டியில் பத்திரப்படுத்துகிறார். பெட்டி நிரம்பிவிட்டால் உண்மையான கடிதத்திற்கு இடமேது? இதுவே அங்கும் நடக்கக்கூடியதாயிருந்தது. பெயரும் மதிப்பும் இல்லாத தலைப்பு வரிகளுக்கும் நிரல் நினைவகத்தில் இடம் ஒதுக்கியது. இணைப்பு முடியும்வரை அந்த இடத்தை விடுவிக்கவில்லை. நினைவகம் தீர்ந்தால் பிராக்சி செயலிழக்கும். அதன் பின்னால் உள்ள கணினி நலமாயிருந்தும் பயனில்லை, வாசல் அடைபட்டுவிட்டதே!

இது நமக்கென்ன என்று கேட்கலாம். தோட்டத்துப் பிள்ளைகளும் இன்று கைப்பேசி வழியே பாடம் படிக்கிறார்கள்; பெற்றோர் வங்கிக் கணக்கைப் பார்க்கிறார்கள். இவற்றின் வாசலிலும் இத்தகைய கிராணிகள் உண்டு.

நல்ல வேளையாக, நிரல் செய்வோருக்கு முன்கூட்டியே தகவல் போயிருந்தது. அறிவிப்பு வந்த அன்றே என்ஜின்எக்ஸின் திருத்திய பதிப்பும் வெளிவந்தது.

ஆயினும் நாம் மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. சிறிய, வெற்றுத் துண்டுகளை அனுப்பியே கேடு செய்யலாம், ஆகவே வரம்பு வையுங்கள் என்று 2015-ஆம் ஆண்டு விதிமுறையிலேயே எழுதியிருந்தது. எழுதியதைப் பலர் செயலில் முழுமையாகக் கொண்டுவரவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியோர் சொன்னது கணினிக்கும் பொருந்துகிறதன்றோ?