அசுரர் பிறப்பும் தரமும்

அசுரர் என்பார் தேவரின் இனத்தானே வேறாகிய தீய சாதியார் எனக் கொள்வார் பலர். அச்சொல்லின் வரலாற்றையும் அவர்தம் பிறப்பு முறையையும் நூல்களில் வைத்து ஆராய்வார்க்கு அக்கொள்கை நிலைபெறாமை விளங்கும்.

இருக்கு வேதத்துப் பழம் பகுதிகளில் அசுரன் என்பது இகழ்ச்சிப் பெயரன்று. உயிர்ப்பெனப் பொருள்படும் அசு என்னும் சொல்லடியாகப் பிறந்து ஆற்றலுடைய தலைவனைக் குறிப்பது அஃது என்பர். வருணன், இந்திரன், அக்கினி ஆகியோரேயன்றி உருத்திரனும் அப்பெயராற் போற்றப்பெறுதல் காண்க. அவ்வேதத்தின் பிற்பகுதியிலேயே பகைவரைக் குறிக்கும் வழக்கு மிகத் தொடங்கிற்று. பாரசீகரது அவெத்தா நூலிலோ இம்மாற்றம் மறுதலையாக நிகழ்ந்தது; ஆண்டு அகுர மசுதா என்பது கடவுட் பெயராக, தேவர் என்பதற்கு இனமாகிய சொல் பேய்களைக் குறிப்பதாயிற்று. சுரர் அல்லாதார் அசுரர் எனப் பிரித்துப் பொருளுரைத்தல் பின்னெழுந்ததே. சுரர் என்பது தேவர்க்குப் பெயராக இருக்கு வேதத்தில் வழங்காமை இதற்குச் சான்றாம்.

இனி, அவர் பிறப்பை நோக்குவாம். பிருகதாரணியகம் இருதிறத்தாரையும் பிரசாபதியின் மக்கள் என்றும், அசுரரே மூத்தோர் என்றும் கூறும். சாந்தோக்கியத்தில் இந்திரனும் விரோசனனும் ஓராசிரியரிடத்து ஒருங்கே மாணாக்கராயினர். உடம்பே ஆன்மா எனக் கொண்டு விரோசனன் அமைந்தான். இந்திரனோ ஐயுற்று மீண்டு 101 ஆண்டு வழிபட்டு உண்மை உணர்ந்தான். ஈண்டு அவ்விருவரையும் வேறுபடுத்தியது அறிவின் முயற்சியேயன்றிப் பிறப்பன்று. புராணங்களும் அதிதி, திதி, தனு என்னும் மனைவியர்பால் காசிபர்க்குத் தேவரும் தைத்தியரும் தானவரும் தோன்றினர் எனக் கூறி, அவரைத் தந்தைவழி உடன்பிறந்தாராகவே வைக்கின்றன.

கச்சியப்ப சிவாசாரியர் அருளிய கந்தபுராணத்தும் சூரபன்மன் அக்காசிபர்க்கு மாயைபால் தோன்றிய மகனே. தவத்தாற் சிவபெருமானிடம் வரம் பெற்று 1008 அண்டங்களை 108 யுகம் ஆண்ட அவனுக்கு இந்திரனும் ஏவல் செய்தான். தேவர் அங்ஙனம் துன்புற்றது தக்கன் வேள்வியில் அவியுண்ட பிழையால் என்பதும் அப்புராணத்தாற் பெறப்படும்.

அற்றேல், சூரன் ஒறுக்கப்பட்டது என்னையெனின், பெற்ற வரத்தைப் பிறர்க்குத் துன்பஞ் செய்தற்கு ஏவிய செருக்கினால் என்க. அவ்வொறுப்பும் அழிவாய் முடிந்திலது. மாமரமாய் நின்ற அவன் இருகூறாகி மயிலும் சேவலுமாய் முருகப்பெருமானுக்கு ஊர்தியும் கொடியும் ஆயினான். இயல்பாகவே தீயதாகிய ஓருயிர் உளதாயின் இவ்வருட்பேறு கூடுமாறில்லை.

சித்தாந்த நூல்களும் தேவர், மக்கள், அசுரர் ஆகிய எல்லாரையும் மும்மலமுடைய சகலர் என ஒரு வரிசையிலேயே அடக்குகின்றன. செம்பிற் களிம்புபோல ஆணவம் எல்லார்க்கும் அநாதியாக உண்மையின், தேவர் உயர்வும் அசுரர் தாழ்வும் வினைபற்றி வந்து நீங்குவனவேயாம். ஆகலின், அசுரர் என்னும் பெயரைக் குலம்பற்றி ஒருவர்மேல் ஏற்றி இகழ்தல் நூற்றுணிபுக்கு மாறாம். புராணம் கேட்பார் அவ்வசுரத்தன்மையைத் தம்மிடத்தே வைத்து ஆராய்தல் கடன்.