துரைத்தமிழும் இரவல் அதட்டலும்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

பதுளை நகரிலுள்ள சென் மார்க் தேவாலயம் ஒரு யானை வேட்டைக்காரரின் ஞாபகார்த்தமாக எழுப்பப்பட்டது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் என்னும் அவர் பிரித்தானியப் படை அதிகாரியாகவும் பதுளைப் பகுதியின் நிருவாகியாகவும் விளங்கியவர். 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார் என அவரைப்பற்றி எழுதப்பட்டது. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அவர் பாதை வெட்டியதும் வரி திரட்டியதும் மறக்கப்பட, யானைக் கணக்கு மட்டுமே நிலைத்து நின்றது. ஊவா மலைகளுக்குப் பின்னர் வந்து சேர்ந்த வெள்ளையருக்கு முன்மாதிரியாக அமைந்தது இந்த வன்மை மிக்க ஆணின் படிமமே. ஆயின் வந்து சேர்ந்தவர் எல்லாரும் றொஜர்ஸ் அல்லர்.

1869இல் மடுல்சீமைப் பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1924இல் புகையிரதம் பதுளையை எட்டியது. இந்த அரை நூற்றாண்டில் பிரித்தானியாவிலிருந்து, சிறப்பாக ஸ்கொத்லாந்திலிருந்து, இளைஞர் பலர் தோட்டத் தொழில் பழக வந்தனர். 'கிரீப்பர்' என்றழைக்கப்பட்ட இப்பயிலுநர்களுட் பலர் பள்ளிப் படிப்பை அண்மையில் முடித்தவர்கள். தாய்நாட்டில் எவரையும் ஏவியறியாத இளைஞன் இங்கு விடிவதற்கு முன் பிரட்டுக்களத்தில் நின்று நூற்றுக்கணக்கானோரை வேலைக்குப் பிரித்தனுப்ப வேண்டியிருந்தது. அவனுக்கு முதலில் வேண்டியிருந்தது ஒரு குரல். அது அவனிடம் இல்லை. ஆகவே இரவல் வாங்கினான்.

1904இல் இலங்கைக்கு வந்து குடியியற் சேவையிற் பணியாற்றிய லெனாட் வூல்ஃப், தமது சுயசரிதையின் ஒரு பகுதியாக 1961இல் வெளியிட்ட நூலிலே இதனை நுட்பமாகத் தொடுகின்றார். கிப்ளிங் தமது கதைமாந்தரை இங்குள்ள வெள்ளையரைப் பார்த்துப் படைத்தாரா, அன்றி இங்குள்ள வெள்ளையர் கிப்ளிங்கின் கதைகளைப் படித்துத் தம்மை அவ்வாறு வனைந்துகொண்டனரா என்பதே அவருக்கு எழுந்த ஐயம். யாழ்ப்பாணம், கண்டி, அம்பாந்தோட்டை ஆகிய இடங்களிற் கடமையாற்றியவர் கொண்ட இவ்வையம் தேயிலை மலைக்கும் பொருந்தும். நாடக மேடையில் நிற்பதான உணர்வு ஆண்டோர் சிலரிடமாவது இருந்தமைக்கு இதனிலும் நேரான சாட்சியம் கிடைப்பது அரிது.

இவ்வேடத்தின் உயிர்நாடி மொழியே. தோட்டத்து அலுவல்கள் தமிழிலேயே நடந்தமையால் சின்னத்துரைக்குத் தமிழ் இன்றியமையாததாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏ.எம். பெர்குசன் இத்தகையோருக்காக ஒரு சட்டைப்பைக் கைந்நூலை வெளியிட்டார். அதன் பெயர் 'இங்கே வா'. 1915இல் டபிள்யூ.ஜி.பி. வெல்ஸ் வெளியிட்ட நூலோ தான் கற்பிக்கும் மொழியைக் 'கூலித் தமிழ்' என்றே தலைப்பிற் சொல்லிற்று. ஒரு மொழியைக் கற்கப் புகுபவன் முதலிற் காணும் சொற்கள் 'இங்கே வா' என்பதாயின், அவன் அம்மொழியாரோடு கொள்ளவிருக்கும் உறவு அட்டையிலேயே தீர்மானிக்கப்பட்டு விடுகிறது.

தமிழிலே 'வா' என்பதற்கும் 'வாரும்' என்பதற்கும் 'வாருங்கள்' என்பதற்கும் இடையே உள்ள தொலைவை நாம் நன்கறிவோம். ஆங்கிலத்திலோ முன்னிலைக்கு ஒரே சொல். வினைக்கும் ஒரே வடிவம். அம்மொழியில் மரியாதை குரலின் ஏற்ற இறக்கத்திலும் துணைச்சொற்களிலும் வெளிப்படுவது. அத்துணைச்சொற்களைக் கழித்துவிட்டு ஏவலை மட்டும் மனனஞ்செய்த இளைஞன், பேரன் பேத்தி கண்ட முதியவரையும் 'வா', 'போ', 'எடு' எனப் பகுதி வடிவில் ஏவினான். தொடக்கத்தில் இது அறியாமையாகவே இருந்திருக்கலாம். ஆயினும் பல்லாண்டு தமிழோடு வாழ்ந்து கங்காணியுடன் சரளமாகக் கதைக்கத் தெரிந்த பெரிய துரையும் அவ்வடிவத்தைக் கைவிடவில்லை என்பதை நோக்குமிடத்து, அறியாமை என்ற சமாதானம் வலுவிழந்து போகின்றது. பிழையான தமிழ் அவருக்கு ஒரு சீருடை. திருத்தமாகப் பேசினால் தொழிலாளியின் மொழிக்குள் ஒருவராகிவிட நேரும். கொச்சையாகப் பேசினால் வெளியே, மேலே நிற்கலாம்.

இனி, இக்குரல் கீழிறங்கிய வழியை நோக்குவோம். துரைக்கும் தொழிலாளிக்கும் இடையில் பெரிய கங்காணி, கணக்கப்பிள்ளை, கண்டாக்கையா என ஓர் ஏணியே இருந்தது. பெரிய கங்காணி தமிழகத்துக் கிராமத்திலிருந்து உறவினரையும் ஊராரையும் திரட்டி வந்தவர். கோட்டும் தலைப்பாகையும் கைத்தடியுமாக அவர் நிற்கும் பழைய நிழற்படங்கள் பல உள. அவருடைய மெய்யான பலம் கடனிலும் துண்டு முறையிலும் தங்கியிருந்தது. தொழிலாளியின் கடன் தொகை குறித்த துண்டு இன்றி அவன் வேறு தோட்டம் செல்ல இயலாது. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டதோடு அப்பலம் ஆட்டங்கண்டது. பலம் குறைந்தபின்னும் அதட்டல் குறையவில்லை; ஒருகால் அதன் பின்னரே கூடுதலாகத் தேவைப்பட்டதுபோலும். பிரட்டு, டிவிசன், ஸ்டோர் முதலிய சொற்கள் தமிழாகிவிட்டமை இயல்பு. ஆனால் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் தம் மாமன் முறையானவரையும் பிரட்டுக்களத்தில் துரையின் தொனியில் விரட்டுவது அவ்வளவு இயல்பானதன்று. லயத்தில் முறை சொல்லி அழைப்பவர் மலையில் பேர் வெட்டுவதாக மிரட்டுவார். அரைநாட் கூலி போய்விடுமென்று அஞ்சிய தொழிலாளிக்கு அது வெறும் பாவனையன்று.

எனினும் வேடம் வேடமாகவே காணப்பட்டது என்பதற்கும் சான்றுண்டு. மலையக நாட்டார் பாடல்களிற் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் ஏளனத்துக்கு இலக்காவதைச் சி.வி. வேலுப்பிள்ளை 1983இல் வெளியிட்ட தொகுப்பினைப் படிப்போர் அறிவர். கொழுந்தெடுக்கும் பெண்களே இவ்வேளனத்தின் சொந்தக்காரர் என்பதும் கருதத்தக்கது. கோ. நடேசய்யரோ வேடத்துக்கு வேடத்தையே மாற்றாகக் கொண்டார். வெளியார் நுழையத் தடை இருந்த தோட்டங்களினுள்ளே அவர் புடைவை வியாபாரியாகச் சென்று தொழிலாளர் நிலையை அறிந்தார். சட்ட நிரூபணசபைக்குச் சென்று உறுமவல்ல அவர் அங்கே விலைபேசும் குரலில் நடமாடவேண்டியிருந்தது.

இக்குரலை ஏற்க மறுத்த வெள்ளையரும் இருந்தனர். 1936இல் அவுஸ்திரேலியாவிலிருந்து மடுல்கலைப் பகுதியின் றெலுகாஸ் தோட்டத்துக்குத் தொழில் பழக வந்த மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் தொழிலாளருடன் சமமாகப் பழகியமையால் வேலை நீக்கப்பட்டார். 1937 ஏப்ரலில் அவரை நாடுகடத்த ஆளுநர் பிறப்பித்த ஆணை உயர்நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. ஓர் இளைஞன் அதட்டாமல் விட்டதற்காக ஆளுநரே தலையிட்டார் என்றால், அந்த அதட்டலில் எவ்வளவு தங்கியிருந்தது என்பது புலனாகும். மூன்றாண்டுகளின் பின் ஊவாவே களமாயிற்று. 1940இல் பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தெரிவு செய்தனர். துரை அச்சபையுடன் கலந்தே கருமமாற்ற இணங்கினார். லங்கா சமசமாஜக் கட்சியினர் முன்னின்ற அப்போராட்டம் நீடிக்கவில்லை என்பது வேறு விடயம். 'இங்கே வா' என்ற வாய் 'என்ன சொல்கிறீர்கள்' என்று கேட்க வேண்டி வந்த நாட்கள் ஊவாவில் இருந்தன.

சுதந்திரத்தின் பின் வெள்ளையர் படிப்படியாக வெளியேறினர். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமார் பெரும்பாலும் சிங்களவராயினர். பங்களாவும் அரைக்காற்சட்டையும் நீண்ட மேசும் 'துரை' என்ற விளியும் மட்டும் கைமாறி நிலைத்தன. டார்சி வித்தாச்சி 1962இல் 'பழுப்பு நிறச் சாகிப்' என்று பெயரிட்டு எள்ளிய வகையினர் இவர்களே. இரவல் வாங்கியவனிடமிருந்து மீண்டும் இரவல் வாங்கப்பட்ட குரலிது. 1992இல் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் சென்றபோதும் அது உடன் சென்றது.

இதன் மறுபக்கம் சிரிப்புக்குரியதன்று. 1958ஆம் ஆண்டுக் கலவரத்திலும் பின்னரும் தமிழரை இனங்காண, வாளியைக் குறிக்கும் 'பால்தி' என்ற சிங்களச் சொல்லை உச்சரிக்கச் செய்தனர் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. விவிலியத்தின் நியாயாதிபதிகள் ஆகமத்தில் யோர்தான் துறையில் ஒரு சொல்லுக்காக மாந்தர் கொல்லப்பட்டதை நினைவூட்டும் செய்தி இது. 1983 யூலை 27இல் பதுளைத் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. சிங்களத்தை அயலாரோடு அயலாராகப் பேசிப் பழகிய ஊவாத் தமிழருக்கு அந்நாளில் உச்சரிப்பு உயிர்ப் பிரச்சினையாயிற்று. வலியவராகத் தோன்றுவதற்கல்ல, தாம் வேறொருவராகத் தோன்றுவதற்கே குரலை மாற்றவேண்டியிருந்தது.

1977இலும் 1983இலும் மலையகத்திலிருந்து பெயர்ந்தோர் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறினர். தமிழர் நடுவே வந்துவிட்டோம் என்று மூச்சுவிட்டவர்களை அங்கே அவர்களது தமிழே காட்டிக்கொடுத்தது. 'தோட்டக்காட்டார்' என்ற வசை காத்திருந்தது. பெற்றோர் வீட்டுக்குள்ளே 'ஆமாங்க' என்று சொல்லிக்கொண்டிருக்க, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் 'ஓம்' சொல்லப் பழகிக்கொண்டார்கள்.